ஆறு வருடமாக ஒரே எஸ்எஸ்டி: பயந்தது ஒன்று, நடந்தது வேறு

2019-இல் பழைய லேப்டாப்பின் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு 500 ஜிபி சாட்டா வகை எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் தரவைச் சேமிக்கும் டிரைவ்) ஒன்றை மாட்டினேன். "ரொம்ப எழுதினா சீக்கிரம் தேஞ்சிடும்" என்று கடையில் சொல்லிவிட்டார்கள். அந்தப் பயத்தில் ஆறு மாதம் டவுன்லோடு எல்லாம் பென்டிரைவில்தான், சிரிக்காதீர்கள்.

இப்போது டிரைவ் தன்னைப் பற்றித் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் தகவலைப் பார்த்தால் இத்தனை வருடத்தில் எழுதியது 41 டிபி (ஒரு டிபி என்பது ஆயிரம் ஜிபி), வாரண்டி வரம்போ 300 டிபி. கல்யாண வீடியோ எடிட்டிங் உட்பட நாளுக்குச் சராசரி 19 ஜிபிகூட வரவில்லை. தேய்மானத்தை நினைத்துத் தூக்கம் கெட்டது வீண்.

படுத்தி எடுத்தது வேறு விஷயம். ஒரு வைகாசி முகூர்த்தம் முடிந்து கேமரா கார்டைக் காப்பி போட்டேன். டிரைவில் எழுபது ஜிபிதான் காலி. 90 எம்பி வேகத்தில் ஆரம்பித்தது பாதியில் 30-க்கு இறங்கி, அப்புறம் நின்று நின்று நகர்ந்தது. கார்டு ரீடரைத் திட்டி, புதிதாக ஒன்று வாங்கியும் அதே கதைதான்.

காரணம் உள்ளே இருக்கிறது. சிப்பில் உள்ள ஒவ்வொரு செல்லிலும், அதாவது தரவைத் தாங்கும் குட்டி அறையிலும், எலக்ட்ரான்களை அடைத்து, அந்த மின்னூட்டம் எவ்வளவு என்று பார்த்துத்தான் தரவைப் படிக்கிறார்கள். என்னுடையது டிஎல்சி, ஒரு செல்லில் 3 பிட், அதாவது 8 அளவுகள். ஆழாக்கு நிறைந்திருக்கிறதா காலியா என்று சொல்வது சுலபம், அதில் எட்டுக் கோடு போட்டு எந்தக் கோடு வரை எண்ணெய் என்றால் நிதானமாக ஊற்ற வேண்டும், நிதானமாகப் பார்க்கவும் வேண்டும். அதனால் டிரைவ் முதலில் காலி இடத்தில் செல்லுக்கு 1 பிட் என்று மளமளவென எழுதிவிட்டு, ஓய்வு கிடைக்கும்போது 3 பிட்டாக அடுக்கி வைக்கிறது. இடம் குறைந்தால் இந்தச் சலுகையும் சுருங்கிவிடும். போதாததற்கு, எழுதுவது சில கேபி அளவுள்ள பேஜாக, அழிப்பதோ பல எம்பி அளவுள்ள பிளாக்காக. சிலேட்டில் ஒரு வரியைத் திருத்த, மற்ற வரிகளை வேறு சிலேட்டில் எழுதிவிட்டு முழுதையும் துடைப்பது மாதிரி. காலி சிலேட்டு இல்லையென்றால் நம்மைக் காக்க வைத்துவிட்டுத்தான் அந்த வேலை நடக்கும்.

இன்னொரு அடி 2022-இல். ஒரு வாடிக்கையாளரின் ஃபோல்டரைத் தவறுதலாக அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டேன். ஹார்டு டிஸ்க்கில் இப்படிப் போனதை முன்பு மீட்டிருந்ததால் பதறவில்லை. மீட்பு மென்பொருள் கோப்புப் பெயர்களையெல்லாம் வரிசையாகக் காட்டியது. திறந்தால் உள்ளே வெறும் பூஜ்யங்கள். அழித்த உடனே 'டிரிம்' கட்டளை போய், அந்தப் பேஜ்கள் இனி வேண்டாம் என்று டிரைவும் கைகழுவிவிட்டது. நல்லவேளை, கேமரா கார்டை ஃபார்மட் செய்யவில்லை, அசல் அதில் இருந்தது.

இப்போது 100 ஜிபியைத் தொடாமல் விட்டு வைக்கிறேன். வேகம் பழையபடி வந்துவிட்டது. முடிந்த கல்யாணங்களெல்லாம், அன்று கழற்றிப் போட்ட அதே ஹார்டு டிஸ்க்குக்கு, வெளியிலிருந்து இணைக்கும் உறை ஒன்று வாங்கி அதில் போகின்றன. கரகரவென்று சத்தம்தான் கொஞ்சம் அதிகம்.