சேலத்தில் தோண்டுகத்தி செய்யக் கொடுப்பவர்கள் கவனத்திற்கு

மெட்டல் டிடெக்டருடன் எடுத்துச் செல்லும் தோண்டுகத்தியை அவரவர் தேவைக்கேற்ப மாற்றித் தருவதாகச் சமூக ஊடகத்தில் வீடியோ போட்டு ஆர்டர் பிடிக்கும் சேலத்துப் பட்டறை ஒன்றிடம் 4,500 ரூபாயை முழுவதும் முன்கூட்டியே கட்டி ஏமாந்திருக்கிறேன். அதே வீடியோவைப் பார்த்துவிட்டுச் சிலர் என்னிடம் விசாரித்ததால் இதை எழுதுகிறேன்.

லாரி வில்பட்டையில் அடித்த அலகு, வேர் அறுக்க அதன் ஒரு பக்கம் ரம்பப் பல், துருப்பிடிக்காத எஃகுக் குழாயில் கைப்பிடி, பெல்ட்டில் மாட்டத் தோல் உறை ஆகியவையே நான் கேட்டவை. நம்மூர்க் கொல்லர்கள் அரிவாள் அடிப்பதும் வில்பட்டையில்தான். வந்த அலகும் வில்பட்டைதான். அதில் பொய் இல்லை. அதன்மேல் செய்த வேலைதான் கத்தியைக் கெடுத்தது.

ஏற்காட்டில் உறவினரின் காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கும்போது அத்தை தொலைத்த கம்மலைத் தேடுவதற்காக அதை முதன்முதலில் வெளியே எடுத்தேன். சில்வர் ஓக் மரத்தடியில், சரளை கலந்த செம்மண்ணில், விரல் பருமன் வேர் ஒன்றை அறுத்தபோதே பற்கள் மடங்கின. மண்கட்டியைப் பெயர்க்க லேசாக நெம்பியதும் அலகு கைப்பிடியை விட்டு முறிந்து வந்துவிட்டது. கடைசியில் தோட்டத்து ஆள் ஒருவரின் களைக்கொத்தை வாங்கித்தான் கம்மலை எடுத்தோம்.

வீட்டுக்கு வந்து, அலகு முழுவதும் பூசியிருந்த கறுப்புப் பெயிண்டைத் தின்னர் போட்டுத் துடைத்த பிறகுதான் உண்மை தெரிந்தது. அலகு வெல்டிங்கில் முறியவில்லை. அதற்கு ஒரு நூல் தள்ளி முறிந்திருந்தது. முறிந்த முகம் மணல்மணலாகச் சாம்பல் நிறத்தில் இருந்தது. வில்பட்டையில் கார்பன் அதிகம் என்பதால், முன்சூடு காட்டாமல் வெல்டிங் வைத்து அப்படியே ஆறவிட்டால், வெல்டிங்கை ஒட்டிய பகுதி அளவுக்கு மீறி இறுகிக் கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். பற்களில் நடந்திருப்பது இதற்கு நேர்மாறு: துவைச்சல் (அலகைச் சூடாக்கி முக்கி இறுக்கும் வேலை) போட்டு முடித்த அலகைக் கட்டிங் வீலால் அறுத்துப் பல் வெட்டியிருக்கிறார்கள், பல் நுனிகள் நீலம் தாண்டிக் கருத்திருந்தன. அந்தச் சூட்டில் துவைச்சல் இறங்கிவிடும். பல்லை முதலில் வெட்டி, துவைச்சலை அதன் பிறகு போடுவதே முறை. வீடியோவில் காட்டிய மாதிரிக் கத்திக்கு ஏன் பெயிண்ட் இல்லை, எனக்கு வந்ததற்கு மட்டும் ஏன் பூசினார்கள் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

கைப்பிடியில் காந்தம் ஒட்டுகிறதே என்று கேட்டதற்கு, சில வகைத் துருப்பிடிக்காத எஃகிலும் காந்தம் ஒட்டும் என்றார்கள். 430 ரகத்தில் ஒட்டும் என்பது உண்மைதான். ஆனால் ஏற்காட்டுப் பனியில் ஒரு முறை நனைந்ததும் மேல்முலாம் செதிலாக உரிந்து, உள்ளே செந்துரு தெரிந்தால் அது எந்த ரகமும் இல்லை, சாதா இரும்புக் குழாய். உருக்காலை இருக்கும் ஊரிலேயே இப்படிச் சொல்லி விற்கிறார்கள்.

உறை விஷயம் இன்னும் மோசம். தோல் என்று சொல்லிவிட்டு அட்டையின் மேல் ரெக்சின் ஒட்டிக் கொடுத்திருந்தார்கள். மலைக்கு வண்டியில் போகும்போதே கொண்டை ஊசி வளைவுகளில் அலகின் முனை அடிப்பக்கத்தைக் கிழித்து என் தொடையைக் கீறிவிட்டது. நல்ல உறையில் இரண்டு தோலுக்கும் நடுவே, விளிம்பில் இன்னொரு தோல் பட்டை வைத்துத் தைத்து ரிவெட் அடித்திருப்பார்கள். அலகு தையல் நூலைத் தொடாது. டிடெக்டரை வலக்கையில் பிடிப்பவன் என்று எழுதிக் கொடுத்தும் உறையை வலப்பக்கம் தொங்கும்படி செய்திருந்தார்கள். டிடெக்டரின் அடியில் இருக்கும் வட்டத் தேடுதலையின் (காயில்) அருகே இரும்பு ஆடினால் கருவி வீணாகக் கத்திக்கொண்டே இருக்கும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, கடப்பாரைபோல் நெம்பினால் எதுவும் உடையும் என்று பதில் வந்தது; பிறகு என் எண்ணை முடக்கிவிட்டார்கள். பில் கேட்டும் தரவில்லை. பில் தர மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. 1915 என்ற உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்திருக்கிறேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை. இதே பட்டறையில் வாங்கியவர்கள் பணம் செலுத்திய ரசீதையும் உரையாடல் பதிவுகளையும் அழிக்காமல் வைத்திருங்கள். கத்தியை மண்ணில் இறக்கும் முன் வெல்டிங்கை ஒட்டிய பெயிண்டைச் சுரண்டிவிட்டு, மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள்.