பெங்களூரு எச்.ஏ.எல் அருங்காட்சியகம்: ரிப்பேர் ஷாப்பின் கதையைத் தேடிப் போகிறவர்களுக்கு

விமானம் தயாரிக்கும் அரசு நிறுவனமான இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் (எச்.ஏ.எல்), பழைய விமான நிலையச் சாலையில் 2001-ல் திறந்த இடம். வெளியே நிற்கும் எச்.ஏ.எல்-இன் போர் விமானமான மாருத் அருகே படம் எடுப்பதைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு, முதலில் புகைப்படக் கூடத்துக்குள் போங்கள். பத்தாண்டு வாரியாக அடுக்கியிருக்கிறார்கள், 1940-கள்தான் விஷயம்.

1940 டிசம்பரில் தொழிலதிபர் வால்சந்த் ஹீராசந்த் விமானம் கட்டத் தொடங்கிய தொழிற்சாலைதான் பின்னாளில் எச்.ஏ.எல். 1943-ல் அமெரிக்க ராணுவ விமானப்படை கைக்கு மாறி, 84-வது ஏர் டிப்போ (விமானப் பராமரிப்பு நிலையம்) ஆனது. கட்டுவது நின்று, விமானத்தைப் பிரித்துச் சரிசெய்யும் ஓவர்ஹால் ஒன்றே வேலையானது. முதலில் வந்தது கேட்டலினா, தண்ணீரில் இறங்கும் பறக்கும் படகு. அவை இறங்கப் பக்கத்திலேயே பெல்லந்தூர் ஏரி இருந்தது. (இன்றைய ஏரியைப் பார்த்தவர்கள் நம்பமாட்டார்கள்.)

கேட்டலினா சுலபமான வேலை இல்லை. உப்புத் தண்ணீர் அடிப்பாகத்தின் ரிவெட் வரிசைகளில் புகுந்து அலுமினியத்தை அரிக்கும். இறக்கையின் பின்பகுதி துணி. வெயிலில் நைந்தால் கிழித்துவிட்டுப் புதுத்துணி போர்த்தி, இழுத்து, துணியை விறைப்பாக்கும் டோப் என்ற பூச்சைப் பூச வேண்டும். ஆனால் இன்ஜினில் ஒரு வசதி. கேட்டலினா, சரக்கு விமானமான டகோட்டா, குண்டுவீச்சு விமானமான லிபரேட்டர் மூன்றுக்கும் பிராட் அண்ட் விட்னி ஆர்-1830 குடும்பம்தான்: ஏழேழாக இரண்டு வரிசை, 14 சிலிண்டர், சுமார் 30 லிட்டர். ஒரே இன்ஜின் ஷாப் மூன்றையும் பார்க்கலாம். சிலிண்டர்கள் வட்டமாக அமைந்த இந்த ரேடியல் இன்ஜினின் பழைய வியாதி, நிறுத்தி வைத்தால் ஆயில் கீழ் சிலிண்டர்களில் இறங்கித் தேங்குவது. புரொப்பல்லரைக் கையால் சுற்றிப் பார்க்காமல் ஸ்டார்ட் செய்தால், அமுங்காத ஆயில் பிஸ்டனைத் தடுத்து, அதன் கனெக்டிங் ராட் வளையும்.

போருக்குப் பின் வேலை இல்லாமல் ரயில் பெட்டிகூடக் கட்டினார்கள். அப்புறம் வந்தது இவர்களின் பெரிய சாதனை. பிரிட்டிஷார் சிதைத்துவிட்டு கான்பூரில் போட்டுப்போன லிபரேட்டர்களை ஏறக்குறைய 40 வரை பறக்க வைத்தார்கள். 1948 நவம்பரில் இந்திய விமானப்படையின் 5-வது ஸ்குவாட்ரன் (படைப்பிரிவு) அவற்றோடு தொடங்கியது. 1968 வரை ஓடின.

இன்ஜின் கூடத்துக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். இயந்திரம் படித்தவர்களுக்கு டிக்கெட் காசு அங்கேயே வசூலாகிவிடும். குழந்தைகளுக்கு வெளி மைதானம் போதும். பழுதுபார்ப்பு வரலாற்றுக்கு இன்னும் இடம் கொடுத்திருக்கலாம் என்பது என் குறை. லிபரேட்டரை நேரில் பார்க்க டெல்லி பாலம் விமானப்படை அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும்.