பட்டாவா, பத்திரமா, இனாம் பதிவேடா? பூர்வீகம் தேட எது முதலில்?

தமிழ்நாட்டில் பூர்வீகம் தேடுபவர்கள் பலரும் முதலில் கேட்பது பிரிட்டிஷ் காலத்து செட்டில்மென்ட் பதிவேட்டைத்தான், அதாவது நிலத்துக்குத் தீர்வை நிர்ணயித்து பட்டாதாரரைக் குறித்த பதிவேட்டை. சர்வே எண், நஞ்சையா புஞ்சையா, மண் தரம், தீர்வை, பட்டாதாரர் பெயர் எல்லாம் அதில் இருக்கும். ஆனால் அது வரி வசூலுக்காக எழுதியது. கிஸ்தி கட்ட ஒரு பெயர் போதும் என்பதால், அண்ணன் தம்பி நாலு பேர் கூட்டாகப் பயிர் வைத்த நிலத்திலும் மூத்தவர் பெயர் மட்டும் இருக்கலாம். பெண்கள் பெயர் அபூர்வம்.

உறவுமுறை தெரிய வேண்டுமென்றால் பத்திரம்தான். நாளைக்கு வம்பு வரக் கூடாதென்று குடும்பமே எழுதிவைத்தது அது. "இன்ன கிராமத்திலிருக்கும் இன்னார் குமாரர் இன்னார்" என்று ஆரம்பித்து, சொத்து பிதுரார்ஜிதமா (முன்னோர் வழி வந்ததா) சுயார்ஜிதமா (சொந்தமாகச் சம்பாதித்ததா), எந்தக் கடனை அடைக்க விற்கிறார்கள், மைனர் பிள்ளைக்கு கார்டியன் யார் என்பது வரை சொல்லிவிடும். ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்தால் பாதி வம்சாவளி கையில் வந்த மாதிரி. 1908 பதிவுச் சட்டப்படி, நிலம் வீடு பற்றிய பத்திரங்களைப் பதிவு அலுவலகம் எழுதிவைக்கும் முதலாம் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் கட்டணம் கட்டி யாரும் பார்க்கலாம். உயில் மூன்றாம் புத்தகத்தில் இருக்கும். எழுதியவர் காலமான பிறகு யார் வேண்டுமானாலும் நகல் கேட்கலாம்.

ஒரே ஊரில் ஒரே பெயரில் பலர் இருந்தால் பெயர் அட்டவணை குழப்பும். சொத்து அட்டவணையில் தேட சர்வே எண் வேண்டும். செட்டில்மென்ட் பதிவேட்டை அதற்காகப் பாருங்கள். பசலி ஆண்டு (பழைய வருவாய்க் கணக்கு ஆண்டு) கண்டால், ஆங்கில ஆண்டு தெரிய 590 கூட்டிக்கொள்ளுங்கள்.

இனாம் பதிவேடு, அதாவது வரியில்லாமலோ குறைந்த வரியிலோ மானியமாகக் கொடுத்த நிலங்களின் பதிவேடு, எல்லாருக்கும் உதவாது. உதவுகிறவர்களுக்கோ அதற்கு ஈடில்லை. 1858இல் அமைந்த இனாம் கமிஷன் விசாரித்து எழுதியது. முதலில் மானியம் பெற்றவர் யார், அப்போது அனுபவித்தவருக்கு என்ன வயது, முன்னவருக்கு என்ன உறவு என்றெல்லாம் கட்டம் கட்டமாக இருக்கும். கோயில் ஊழியமோ கிராம ஊழியமோ செய்த குடும்பம் என்றால் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

100 ரூபாய்க்குக் குறைந்த கிரயத்தைப் பதிய வேண்டிய கட்டாயம் இல்லாததால் ஏழைகளின் துண்டு நிலங்கள் பத்திரப்பதிவில் குறைவு. நிலம் மறுக்கப்பட்டிருந்த தலித் குடும்பங்களுக்கு 1892 அரசாணைக்குப் பின் ஒப்படைத்த பஞ்சமி நிலங்களின் பதிவு முக்கியம். இன்று பட்டா வேறு யார் பெயரில் இருந்தாலும், முதலில் ஒப்படை பெற்றவர் பெயரைத் தாலுகா அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள்.