குன்னூர் பெட்போர்டு பக்கம் மாலை ஆங்கில வகுப்பு: தாராளமாகச் சேரலாம்

ஹோம்ஸ்டே, எஸ்டேட் ஆபீஸ் என்று தினமும் ஆங்கிலத்தில் மெயில் எழுதியே ஆகவேண்டியவர்களுக்கு இந்த வகுப்பு ரொம்பவே பயன்படும். பாராட்டி எழுதுவதற்கென்றே ஒரு மாலை முழுக்க ஒதுக்கினார்கள், எனக்கு அதுதான் பிடித்தது. 'கங்கிராஜுலேஷன்ஸ்' என்றால் கடைசி 'ஸ்' கட்டாயம் வேண்டும், பின்னால் பொதுவாக 'ஆன்' வரும். ஆனால் 'குடோஸ்' கிரேக்கத்திலிருந்து வந்த ஒருமைச் சொல், அந்த 'ஸ்' பன்மையே இல்லை, அதனால் 'குடோ' என்று வெட்டக்கூடாது, யாரைப் பாராட்டுகிறோமோ அவர் பெயருக்கு முன்னால் 'டு' போடவேண்டும் என்று மேடம் ஒவ்வொருவர் நோட்டிலும் பச்சை மையில் திருத்திக் கொடுத்தார். துளி அவசரம் இல்லை. அறைதான் சின்னது, மழை நாளில் ஜன்னலோரம் சாரல் அடிக்கும். அப்புறம், கோத்தகிரி பஸ் பிடிக்க வேண்டியவர்கள் முடிகிற நேரத்தை முன்னாடியே கேட்டுக்கொள்ளுங்கள்.