கோர்ஃபுவின் மெடூசா: அவசியம் பார்க்கலாம்

கிரேக்க நாட்டின் கோர்ஃபு தீவுக்குப் போனால் கடற்கரையிலேயே கிடக்காமல் தொல்லியல் அருங்காட்சியகத்துக்கும் ஒரு நடை போய் வாருங்கள். மற்றதையெல்லாம் சீக்கிரம் பார்த்துவிடலாம். ஆர்ட்டெமிஸ் என்ற கிரேக்கப் பெண் தெய்வத்தின் கோயில் முகப்பிலிருந்த மெடூசா சிற்பம்தான் விஷயமே. மெடூசா, கிரேக்கக் கதைகளில் வரும் பாம்புத்தலை அரக்கி. கி.மு. 580 வாக்கில் செதுக்கியது. முழிக்கும் கண், தொங்கும் நாக்கு என்று அசல் திருஷ்டி பொம்மை. வேலையும் ஏறக்குறைய அதேதான். இடுப்பில் இரண்டு பாம்புகளை முடிந்து பெல்ட்டாகக் கட்டியிருக்கிறாள்!

அப்புறம் ஒரு வேடிக்கை. மெடூசாவின் தலை வெட்டுப்பட்ட பிறகுதான் அவள் பிள்ளைகளான பெகாசஸ் என்ற சிறகுக் குதிரையும் மனித உருவ கிரிசேயரும் பிறந்ததாகக் கதை. இங்கே தலையும் இருக்கிறது, பிள்ளைகளும் பக்கத்தில் இருக்கிறார்கள். பாவம், பெகாசஸ்தான் பெரும்பாலும் சிதைந்துவிட்டது. ஓரத்துச் சிறுத்தைகளின் வட்டப் புள்ளிகளையும் கிட்டப்போய்ப் பாருங்கள். பிள்ளைகளோடு போகிறவர்கள் கதையை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.