மர்ரீயிலிருந்து ஒரு பகல்: ஊட்னடாட்டா ட்ராக்கா, பேர்ட்ஸ்வில் ட்ராக்கா?

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டிலிருந்து வடக்கே ஏறத்தாழ 680 கி.மீ. போனால் மர்ரீ வரும். ஒரு காலத்தில் ரயில் நின்ற ஊர், ஒட்டகக்காரர்கள் குடியிருந்த ஊர். இன்று அவுட்பேக் எனப்படும் உள்நாட்டு வறண்ட வெளியில் பயணம் போகிறவர்கள் டீசல் நிரப்பிக்கொண்டு எந்தப் பக்கம் திரும்பலாம் என்று யோசிக்கும் இடம். வடமேற்கே மார்லா வரை சுமார் 620 கி.மீ. ஓடுகிறது ஊட்னடாட்டா ட்ராக். வடக்கே குயின்ஸ்லாந்து எல்லையைத் தாண்டிப் போகிறது 517 கி.மீ. பேர்ட்ஸ்வில் ட்ராக். இரண்டுமே மண்சாலை.

ஒப்பிட வசதியாக ஒன்று அமைந்திருக்கிறது. ஊட்னடாட்டா பக்கம் வில்லியம் க்ரீக், பேர்ட்ஸ்வில் பக்கம் மங்கெரானி. முதல் நாள் இரவு தங்கத் தோதான இந்த இரண்டு இடங்களும் மர்ரீயிலிருந்து கிட்டத்தட்ட ஒரே தொலைவு, 200 கி.மீ. சொச்சம். காலையில் கிளம்பினால் இருட்டுவதற்குள் நிதானமாகப் போய்ச் சேரலாம். அந்த ஒரு பகலுக்கு எது சிறந்தது? என் ஓட்டு ஊட்னடாட்டாவுக்கு.

காரணம் தண்ணீர். ஆஸ்திரேலியாவின் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் பரவியிருக்கும் பெரும் ஆர்ட்டீசியன் நிலத்தடிப் படுகையின் ஓரம் இந்தப் பக்கம்தான் இருக்கிறது. ஆழத்தில் அழுத்தத்தோடு கிடக்கும் நீர் இங்கே விரிசல்கள் வழியே தானாக மேலே வருகிறது. வந்த நீர் ஆவியாக, அதிலிருந்த உப்பும் சுண்ணாம்பும் மண்ணும் சேர்ந்து, ஊற்றைச் சுற்றி மேடு எழும்பிவிடுகிறது. வறண்ட வெளியில் சங்கிலி போல இப்படி ஊற்று மேடுகள். இந்நிலத்தின் பூர்வகுடிகளான அரபனா மக்கள் அவற்றை நம்பியே காலங்காலமாக இந்த நிலத்தில் நடந்தார்கள். 1859-இல் ஜான் மக்டவல் ஸ்டூவர்ட் என்ற ஆய்வுப் பயணி வடக்கே வழி தேடியதும் இந்த ஊற்றுகளை ஒட்டித்தான். 1872-இல் முடிந்த தந்திக் கம்பி அதே வழியில் போனது. நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் வேண்டுமே, ரயிலும் அதே வழிக்கு வந்தது. 1891-இல் ஊட்னடாட்டாவை எட்டியது. 1980-இல் அந்தப் பழைய கான் ரயில் நின்றுபோக, மிஞ்சியது பக்கத்திலேயே ஓடும் இந்த மண்சாலை.

ஆகவே இந்த 200 கி.மீ.யில் வண்டியை நிறுத்த இடத்துக்குப் பஞ்சமே இல்லை. கேட்டி தண்டா எனப்படும் ஐர் ஏரியின் தென்பகுதியைச் சாலையோரத்திலிருந்தே பார்க்கலாம். அதன் தரை கடல் மட்டத்துக்கும் கீழே. ஏரியின் மிகத் தாழ்ந்த இடம் சுமார் 15 மீட்டர் கீழே. பெரும்பாலான ஆண்டுகளில் வெறும் வெள்ளை உப்புதான், ஆனாலும் இறங்கிப் பார்க்காமல் போகாதீர்கள். அப்புறம் கர்டிமர்க்காவில் பழைய ரயில் நிலையம். அதைத் தாண்டி பப்ளர், பிளாஞ்ச் கப் என்ற இரண்டு ஊற்றுகள். பப்ளரில் அடிமணல் கொப்பளித்து எழுவதை எவ்வளவு நேரம் பார்த்தாலும் எனக்குச் சலிப்பதில்லை. சற்றுத் தள்ளி கவர்ட் ஸ்பிரிங்ஸில், பழைய ரயில் கட்டைகளால் கட்டிய தொட்டியில் வெதுவெதுப்பான நிலத்தடி நீரில் குளிக்கலாம். புழுதியில் அரை நாள் ஓட்டி வந்தவர்களுக்கு அந்தக் குளியல் எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பேர்ட்ஸ்வில் ட்ராக்கின் கதை வேறு. குயின்ஸ்லாந்தின் சேனல் கன்ட்ரி மேய்ச்சல் நிலத்திலிருந்து மாடுகளை மர்ரீ ரயிலுக்கு ஓட்டி வந்த தடம் அது. ஊற்றுகள் கிடையாது, மாடுகளுக்காக அரசு ஆழ்துளைக் கிணறுகள் தோண்டியது. மங்கெரானியில் அப்படி வந்த வெந்நீர்தான் இன்று குளிக்கும் தொட்டிக்கும், பறவைகள் கூடும் ஈரநிலத்துக்கும் போகிறது. கூப்பர் ஓடையைத் தாண்டினால் நாட்டெரானி மணல்மேடுகள். 1936-இல் தபால் லாரி ஓட்டத் தொடங்கிய டாம் க்ரூஸ், இந்த மணலில் இரும்புத் தகடுகளைச் சக்கரத்தின் கீழ் போட்டுப் போட்டு லாரியைக் கடத்தியிருக்கிறார். அவர் நினைவுக்காகவே ஒருமுறை இந்தத் தடத்தில் போக வேண்டும்.

ஆனால் ஒரு நாளில்? மர்ரீயிலிருந்து மங்கெரானி வரை சாலையோரத்தில் நிறுத்திப் பார்க்க உள்ளவை குறைவு. இந்தத் தடத்தின் அருமை அதன் முழு நீளத்தில்தான் இருக்கிறது. மங்கெரானிக்கு வடக்கே வரும் ஸ்டர்ட் கற்பாலைவனம், முடிவில் பேர்ட்ஸ்வில், அங்கிருந்து 35 கி.மீ. மேற்கே பிக் ரெட் மணல்குன்று என்று இரண்டாம் நாள்தான் அது தன்னைக் காட்டுகிறது. பாதியில் திரும்புவதானால் போகாமலிருப்பதே மேல். 'நிஜமான அவுட்பேக் பேர்ட்ஸ்வில்தான்' என்று சிலர் அடித்துச் சொல்வதை நான் ஏற்பதில்லை. ஆளே இல்லாத தூரம் மட்டும் அவுட்பேக் ஆகிவிடாது. இந்த வறட்சியில் மனிதர்கள் எப்படி வழி கண்டார்கள் என்பதும் அதில் சேர்த்திதான்.

ஓட்டுவதற்கு? அன்றைய வானிலையைப் பொறுத்தது. காய்ந்திருந்தால் இரண்டிலும் துவைகல் வரிகளைப் போலச் சாலை குறுக்கே மடிந்து கிடக்கும், பல் ஆடும். டயர் காற்றை 28, 30 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைத்தால் வண்டிக்கும் முதுகுக்கும் நல்லது. பேர்ட்ஸ்வில்லில் கூர்கற்கள் அதிகம். அங்கே இரண்டு ஸ்பேர் டயர் இல்லாமல் போகாதீர்கள். மழை பெய்தால் இரண்டுமே மூடப்படும். எதிரே ரோடு டிரெயின், அதாவது பல பெட்டிகளை இழுத்துவரும் நீண்ட லாரி, வந்தால் ஓரம் கட்டி, புழுதி அடங்கும் வரை நில்லுங்கள்.

பாதுகாப்பில்தான் பெரிய வித்தியாசம். வில்லியம் க்ரீக்கிலிருந்து மேற்கே 166 கி.மீ. போனால் கூபர் பீடி என்ற ஊர், ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை. ஏதாவது தகராறு என்றால் வெளியேற ஒரு வழி இருக்கிறது. மங்கெரானியிலிருந்து அப்படி இல்லை: வந்த வழியே திரும்ப வேண்டும், அல்லது இன்னும் 313 கி.மீ. ஓட்டி பேர்ட்ஸ்வில் சேர வேண்டும். 1963 டிசம்பரில் இந்தத் தடத்தில் பெட்ரோல் தீர்ந்து நின்ற ஒரு குடும்பம், ஐந்து பேர், காரை விட்டு இறங்கி நடந்து தாகத்தில் இறந்துபோனார்கள். எந்தத் தடமானாலும் வண்டி நின்றுவிட்டால் வண்டியை விட்டு நகரக் கூடாது. தண்ணீரும் சாட்டிலைட் போனும் இல்லாமல் கிளம்பக் கூடாது. கோடையில் போகவே வேண்டாம். ஊட்னடாட்டாவில் 1960 ஜனவரி 2 அன்று 50.7 டிகிரி பதிவானது. மே முதல் ஆகஸ்ட் வரை சரியான காலம்.

ஒரே ஒரு சூழ்நிலையில் என் ஓட்டை மாற்றிக்கொள்வேன். கூப்பர் ஓடை பல ஆண்டுகள் காய்ந்தே கிடக்கும். எப்போதாவது குயின்ஸ்லாந்து வெள்ளம் அவ்வளவு தூரம் இறங்கி வந்து சாலையை மூழ்கடிக்கும். அப்போது மாற்றுவழியில் ஒரு சிறிய ஃபெர்ரி வண்டிகளை ஏற்றி அக்கரை சேர்க்கும். ஃபெர்ரி ஓடுகிறது என்று மர்ரீயில் கேள்விப்பட்டால், யோசிக்காமல் பேர்ட்ஸ்வில் பக்கம் திருப்புங்கள். பப்ளர் அடுத்த ஆண்டும் கொப்பளிக்கும். கூப்பரில் அடுத்து எப்போது தண்ணீர் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.