கித்தோவை எங்கே நின்று பார்ப்பது: கோபுரமா, குன்றா, ரோப் காரா?

கித்தோவுக்குப் போகிறவர்களிடம் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: உயரமான இடத்தில் ஏறி ஊரைப் பார்த்துவிடு. எந்த உயரம் என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பதில் வருகிறது. ஈக்வடாரின் இந்தத் தலைநகரம் பிச்சிஞ்சா எரிமலையின் கிழக்குச் சரிவில், வடக்கு தெற்காக நீண்டு, குறுக்கே ஒடுங்கிக் கிடக்கிறது. தெருவே 2,850 மீட்டர் உயரத்தில். அதற்கும் மேலே போக மூன்று இடங்கள் போட்டி போடுகின்றன. பழைய நகரின் வட விளிம்பில் பசிலிக்கா என்ற பெரிய தேவாலயத்தின் கோபுரங்கள், தென் விளிம்பில் பனெசியோ குன்று, மேற்கே மலைமேல் இழுத்துப் போகும் ரோப் கார். மூன்றையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்பார்கள். முடிக்கலாம்தான், பார்க்க முடியாது. நான் மூன்றுக்கும் மூன்று நாள் போனேன். ஒரு நாள்தான் இருக்கிறது என்பவருக்குப் பசிலிக்காவைத்தான் சொல்வேன்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. கித்தோவின் பெருமை ஸ்பானியர் ஆட்சிக்காலத்து நகரம். 1534-இல் நிறுவப்பட்டது, 1978-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலைத் தொடங்கியபோதே அதில் இடம்பிடித்தது. பசிலிக்காவோ அந்த ஆட்சி போய்ப் பல ஆண்டுகள் கழித்து, 1892-இல் அடிக்கல் நாட்டப்பட்ட, ஐரோப்பாவின் இடைக்கால ஆலயப் பாணியைப் பின்பற்றும் புது கோதிக் கட்டடம். பழைய ஊரைப் பார்க்கப் புதுக் கட்டடத்தில் ஏறுவதா என்று நானும் முதலில் முகம் சுளித்தேன். ஏறிய பிறகு சுளிக்கவில்லை.

கோபுர ஏற்றம் மூன்று கட்டம். முதலில் சாதாரணக் கல் படிகள். பிறகு ஆலயத்தின் கூரைக்குள் நுழைகிறோம்: மேலே சாய்ந்த கூரை, கீழே நடுக்கூடத்தின் வளைந்த விதானத்தின் முதுகு, இரண்டுக்கும் நடுவே ஒரு பலகைப் பாதை. பக்கத்துக்குக் கைப்பிடிக் கயிறு. பலகை அசைகிறது, முன்னால் போகிறவரின் காலடி நம் காலில் தெரிகிறது. அதன் பிறகு ஏறக்குறைய செங்குத்தான இரும்பு ஏணிகள். வெளிக்காற்று நேராக முகத்தில் அடிக்கும். உயரம் என்றால் கால் நடுங்குகிறவர்கள் படிகளோடு நின்றுவிடலாம். அங்கிருந்தும் காட்சி மோசமில்லை.

ஏணியின் உச்சியில் கிடைப்பது கித்தோவின் வரைபடமே. கீழே வெனிசுவேலா தெரு ஒரே கோடாக இறங்கி, ஏறி, தெற்கே பனெசியோவை நோக்கி ஓடுகிறது. ஸ்பானியர்கள் பள்ளத்தாக்கு, ஓடை எதையும் மதிக்காமல் சதுரக் கட்டங்களாகத் தெரு போட்டார்கள். குறுக்கே வந்த ஓடைகளை மூடி மேலே நடந்தார்கள். கீழே நடக்கும்போது மூச்சிரைப்பாக மட்டும் தெரிந்த அந்தப் பிடிவாதம் இங்கிருந்து பார்த்தால் புரிகிறது. சிவப்பு ஓட்டுக் கூரைகளுக்கு நடுவே சான் பிரான்சிஸ்கோ ஆலயத்தின் வெள்ளை இரட்டைக் கோபுரங்கள் கொஞ்சம் குட்டையாகத் தெரியும். 1868 நிலநடுக்கத்தில் விழுந்து, பிறகு குறைத்துக் கட்டப்பட்டவை. அந்தப் பக்கத்திலேயே லா கொம்பாஞ்ஞியா ஆலயத்தின் குவிமாடங்கள். இயேசு சபையினர் 1605-இல் தொடங்கி 1765-இல்தான் அதை முடித்தார்கள். இரண்டே ஆண்டில், 1767-இல், ஸ்பெயின் மன்னரின் ஆணை அவர்களை வெளியேற்றிவிட்டது. உள்ளே தங்கத் தகடு போர்த்திய சுவர்களைப் பார்க்கும்போது இந்தக் கணக்கு நினைவில் இருந்தால் சுவை கூடும்.

திரும்பி இறங்குகையில் சுவரை ஒட்டி நீட்டிக்கொண்டிருக்கும் உருவங்களைப் பாருங்கள். கோதிக் ஆலயங்களில் பூதங்கள் இருக்கிற இடத்தில் இங்கே ஆமை, ஓணான் இனத்து இகுவானா, உடல் முழுக்க ஓடு போர்த்திய ஆர்மடில்லோ. ஈக்வடாரின் சொந்தப் பிராணிகள். கட்டடம் முழுமையாக முடிந்தால் உலகம் அழிந்துவிடும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. வேலை இன்னும் பாக்கி இருப்பதற்கு இதைவிட வசதியான காரணம் கிடைக்காது.

இனி எதிர்முனை. பனெசியோ என்றால் சின்ன ரொட்டி. கீழிருந்து பார்த்தால் உப்பிய பன் மாதிரிதான் இருக்கிறது. உச்சியில் இறக்கை முளைத்த கன்னி மரியாள், காலடியில் சங்கிலியில் கட்டிய பாம்பு. சுமார் 7,000 அலுமினியத் துண்டுகளை இணைத்து 1970-களின் நடுவில் எழுப்பினார்கள். சிலையின் முகம் வடக்கே, பழைய நகரை நோக்கி. கன்னி எங்களுக்கு முதுகைக் காட்டிவிட்டாள் என்று தெற்குக் கித்தோவாசிகள் குறைபட்டுக்கொள்வதுண்டு.

என் குறை வேறு. பனெசியோவில் நின்றால் பனெசியோ தெரியாது. கித்தோவின் முகத்தில் எடுப்பாகத் தெரிவது இந்தக் குன்றும் சிலையும்தான். அவற்றின் மேலேயே நின்றுகொண்டு ஊரைப் பார்த்தால் படத்தில் பாதி காணாமல் போகிறது. மிச்சத்தில் கூரைகள் பரந்து கிடக்கின்றன, தெருக்கள் பிடிபடவில்லை. குன்றுக்கு ஏறும் படிக்கட்டில் வழிப்பறி நடப்பதால், நடந்து போகாதே என்று உள்ளூர்க்காரர்களே தடுக்கிறார்கள். டாக்சியில் போய், அதே டாக்சியைக் காத்திருக்கச் சொல்வதுதான் வழக்கம். ஒரு விஷயத்தில் குன்றுக்கே வெற்றி: இரவு. பசிலிக்காவின் கோபுரங்கள் அதற்கு முன்பே மூடிவிடும். விளக்குகள் மலைச்சரிவு முழுக்க ஏறிக்கிடப்பதைப் பார்க்க இதுதான் இடம்.

ரோப் காரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அது காட்டுவது கித்தோவை அல்ல, ஆண்டிஸ் மலையை. 2005-இல் திறந்தது. சுமார் 3,100 மீட்டரில் ஏற்றி 4,000 மீட்டரை ஒட்டி இறக்கிவிடுகிறது. வானம் தெளிந்திருந்தால் 5,897 மீட்டர் உயரமுள்ள கோட்டபாக்ஸி எரிமலை பனி போர்த்தி நிற்கும். ஊர் கீழே வெளிறிய ஒரு கோடு. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்குதான். வந்து இறங்கிய முதல் நாளே ஏறியவர்கள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். மூன்றாம் நாளுக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள், கம்பளிச் சட்டை வேண்டும். கட்டணமும் மூன்றில் இதற்கே அதிகம்.

காசே செலவழிக்க மாட்டேன் என்பவர்களுக்குக் கிழக்கே இச்சிம்பியா பூங்கா இருக்கிறது. பழைய சந்தை ஒன்றின் இரும்புச் சட்டகத்தைப் பெயர்த்து வந்து கண்ணாடி மாளிகையாக நிறுத்தியிருக்கிறார்கள். அதன் முன்புறப் புல்வெளியிலிருந்து பசிலிக்காவும் பனெசியோவும் ஒருசேரத் தெரியும். போட்டியில் நான்காவதாகச் சேர்க்க மனம் வரவில்லை, தெருக்கள் தொலைவாகிவிடுகின்றன.

எதைத் தேர்ந்தாலும் காலையில் போங்கள். பிற்பகலில் மேகம் இறங்கி மழை கொட்டுவது இங்கே வாடிக்கை. அப்படி மாட்டிக்கொண்டால் பனெசியோவுக்கு டாக்சி தேடாமல் சான் பிரான்சிஸ்கோ ஆலயத்துக்குள் ஒதுங்கிவிடுங்கள். பெர்னார்தோ தே லெகார்தா 1734-இல் மரத்தில் செதுக்கிய இறக்கைக் கன்னி அங்கே தலைமைப் பீடத்தில் இருக்கிறாள். குன்றின் மேல் அலுமினியத்தில் நிற்பது அவளுடைய நகல்தான். மூலத்தின் இடுப்பு வளைவும் காற்றில் திரும்பும் முந்தானையும் அந்த 7,000 துண்டுகளில் எங்கும் வரவில்லை.